பல் பிடுங்கிய பின் வரும் வலி: ட்ரை சாக்கெட்டும் அதைப் பற்றிய ஆய்வுகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பல் எடுத்த மூன்றாம் நாள் வரும் போன்களில் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வலி ஏன் கூடுகிறது, என்ன மாத்திரை போடலாம், வாட்ஸப்பில் வந்த வைத்தியம் சரியா. சமீப காலமாக இன்னொரு வகைக் கேள்வியும் சேர்ந்துகொண்டது: "ஆய்வில் நிரூபணம் ஆச்சுன்னு போட்டிருக்கே, நம்பலாமா?" இரண்டையும் ஒரே பக்கத்தில் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன. மேலிருந்து கீழாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

பல் பிடுங்கி மூணு நாள் ஆச்சு. முதல் நாளை விட இப்பத்தான் வலி அதிகமா இருக்கு. இது நார்மலா?

இல்லை. பல் எடுத்த வலி மரத்துப்போகும் ஊசியின் வேகம் குறைந்ததும் தொடங்கி, முதல் நாள் உச்சத்தில் இருந்து, பிறகு நாளுக்கு நாள் இறங்க வேண்டும். ஞானப்பல்லை எலும்பு அறுத்து எடுத்திருந்தால் வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் வரை ஏறலாம்; ஆனாலும் வலி மாத்திரைக்குக் கட்டுப்படும். அடங்கிவந்த வலி திரும்ப ஏறினாலோ, காது, நெற்றிப்பொட்டு, தாடை விளிம்பு என்று இழுத்தாலோ, மாத்திரை போட்டும் தூங்க முடியாமல் போனாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது ட்ரை சாக்கெட்.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்க வேண்டும். அதுதான் எலும்பை மூடும் இயற்கையான கட்டு. அதன் மேல்தான் புதுச் சதை வளரும். அந்தக் கட்டி பாதியோ முழுவதுமோ சிதைந்துபோனால் குழியின் எலும்புச் சுவர் எச்சில், உணவு, காற்று எல்லாம் படும்படி திறந்து கிடக்கும். 2002-ல் ப்ளூம் என்பவர் தந்த வரையறையைத்தான் இன்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள்: பல் எடுத்த 1 முதல் 3 நாளுக்குள் குழியிலும் சுற்றிலும் வலி கூடுவது, கூடவே கட்டி சிதைந்திருப்பது, வாய்நாற்றம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த வரையறையை நினைவில் வையுங்கள், பின்னால் ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

டார்ச் அடிச்சு கண்ணாடியில பார்த்தேன். குழிக்குள்ள வெள்ளையா இருக்கு. சீழா, எலும்பா?

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். நன்றாக ஆறிவரும் குழியின் மேல் வெளிறிய மஞ்சள் வெள்ளையில் ஒரு மெல்லிய படலம் படியும். அது ரத்தக்கட்டியின் நார்ப்பொருள், ஆறுவதன் அடையாளம். வலி குறைந்துகொண்டே வந்தால் அதைத் தொடாதீர்கள். பல்குச்சி, சேஃப்டி பின், காட்டன் பட் எதையும் விட்டுக் கிளறக் கூடாது. நன்றாக இருந்த கட்டி அப்படித்தான் பிய்ந்து வருகிறது.

ட்ரை சாக்கெட்டில் குழி வெறுமையாக, அடியில் சாம்பல் கலந்த எலும்பு தெரியும்படி இருக்கும். சோற்றுப் பருக்கையும் அழுக்குப் படலமும் அடைத்திருந்தால் எலும்பு கண்ணுக்கே தெரியாது. கழுவிய பிறகுதான் தெரியும். சீழ் என்றால் அழுத்தும்போது வழியும், ஈறு சிவந்து வீங்கும், காய்ச்சல் சேரும். வெறும் ட்ரை சாக்கெட்டில் சீழும் காய்ச்சலும் இருக்காது.

ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிச்சேன். அதனாலதான் வந்துச்சா?

அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. டேனிஷ் ஆய்வாளர் பிர்ன் 1970-களில் விளக்கியபடி, கட்டி பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு வெளியே வருவதில்லை. இருந்த இடத்திலேயே கரைகிறது. எலும்பு நசுங்கினாலும், கிருமிகள் பெருகினாலும் அங்கே பிளாஸ்மின் என்ற நொதி தூண்டப்படுகிறது. ரத்தக்கட்டியின் நார்களை அறுப்பதே அந்த நொதியின் வேலை. அதனால்தான் நோயாளி எல்லாப் பத்தியமும் சரியாக இருந்தும் சிலருக்கு வருகிறது. வலியோடு வருபவரிடம் "ஏன் துப்பினே?" என்று அதட்டுவதில் பயனில்லை.

ஆனாலும் முதல் 24 மணி நேரம் ஸ்ட்ரா வேண்டாம், காறித் துப்ப வேண்டாம் என்று சொல்வது செலவில்லாத எச்சரிக்கை. இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடித்தால் போயிற்று.

யாருக்கெல்லாம் இது வர வாய்ப்பு அதிகம்?

சாதாரணமாகப் பல் எடுப்பதில் 100-க்கு 1 முதல் 5 பேர். கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்தால் 30 வரை சொல்லப்படுகிறது. புகைபிடிப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், முன்பு ஒரு முறை வந்தவர்கள், எடுக்கும் முன்பே பல்லைச் சுற்றி ஈறு வீங்கியிருந்தவர்கள், பல் உடைந்து நெடுநேரம் போராடி எடுக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடும். மேல் பல்லில் மிகக் குறைவு.

கிளினிக்குக்குப் போனா என்ன பண்ணுவாங்க? திரும்ப ஊசி போட்டு அறுப்பாங்களா?

அறுக்கத் தேவையில்லை. முதலில் வேர்த்துண்டோ எலும்புத் துண்டோ தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சிறிய எக்ஸ்ரே. பிறகு முனை மழுங்கிய, வளைந்த ஊசி மாட்டிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான சலைன் எடுத்து, அழுத்தமில்லாமல் குழியைக் கழுவுவார்கள். குளிர்ந்த சலைன் திறந்த எலும்பில் பட்டால் நோயாளி நாற்காலியிலிருந்து துள்ளுவார். உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். கழுவவே விடாத அளவு வலி இருந்தால் மட்டும் மரத்துப்போகும் ஊசி.

அடுத்து ஈரத்தை ஒற்றியெடுத்து, மருந்து தோய்த்த கட்டு ஒன்றைக் குழியில் தளர்வாக வைப்பார்கள். நம் ஊரில் துத்தநாக ஆக்சைடும் கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினாலும் குழைத்துத் தடவிய காஸ் (மெல்லிய வலைத்துணி) துண்டு வழக்கம். ஆல்வோஜில் போன்ற தயார்நிலை நார்ப்பசையும் உண்டு. அதன் பழைய கலவையில் யூஜினால், அயோடோஃபார்ம், மரத்துப்போகச் செய்யும் ப்யூடாம்பென் மூன்றும் இருந்தன. அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறுக்கித் திணிக்கக் கூடாது, எலும்பை மூடினால் போதும். வைத்த சில நிமிடங்களிலேயே வலி இறங்கத் தொடங்கும். இறங்கவே இல்லை என்றால் நோய் வேறு என்று யோசிக்க வேண்டும்.

அந்த மருந்துப் பஞ்சை எப்ப எடுக்கணும்? தானா கரைஞ்சிடுமா?

காஸ் கரையாது. ஒன்று முதல் மூன்று நாளில் திரும்பப் போய் எடுத்து, கழுவி, வலி இருந்தால் புதிதாக வைத்துக்கொள்ள வேண்டும். வலி போய்விட்டதே என்று நோயாளி வராமல் விடுவதும், வைத்ததைக் குறிப்பில் எழுத மறப்பதும்தான் இங்கே நடக்கும் தவறுகள். மறந்துபோன காஸ் நாற்றமெடுத்து, குழி மூடவிடாமல் தடுக்கும். ஒரு செய்தி: யூஜினால் கட்டு வலியைத்தான் அடக்குகிறது, ஆறுவதை வேகப்படுத்துவதில்லை, கொஞ்சம் தாமதப்படுத்தவே செய்யும். வலி நின்றதும் கட்டு வைப்பதையும் நிறுத்திவிட வேண்டும்.

சுரண்டி ரத்தம் வரவைச்சா புதுக் கட்டி உருவாகும்னு சொல்றாங்களே?

கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் சுரண்டும்போது மிச்சமிருக்கும் கட்டியும், ஓரத்திலிருந்து வளரத் தொடங்கிய இளஞ்சதையும் சேர்ந்து போகும். எலும்புக்கு மீண்டும் காயம். மேலே சொன்ன பிளாஸ்மின் கதையின்படி புதிய கட்டியும் கரையும் அபாயம் உண்டு. சலைனில் கழுவி நகராத எதையும் வலிந்து எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் நிலை.

வலிக்கு என்ன மாத்திரை, எவ்வளவு?

வேறு நோயில்லாத பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பின், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டாமல். 50 கிலோவுக்குக் குறைந்த எடை, ஈரல் நோய், தினசரிக் குடி இருந்தால் பாராசிட்டமால் அளவு இதைவிடக் குறைய வேண்டும். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துப் போடுவது, ஒன்றை மட்டும் இரட்டிப்பதை விட நல்லது.

சிக்கல் வருவது பெயர் தெரியாமல் போடுவதில். கடையில் கிடைக்கும் ஒரே மாத்திரையில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 இரண்டும் இருக்கும். அதன் மேல் தனியாகப் பாராசிட்டமால் போட்டால் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். டாக்டர் கீட்டோரோலாக் 10 மி.கி. எழுதியிருந்தால் அதோடு ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ சேரவே கூடாது, 5 நாளைத் தாண்டவும் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம், வலி மாத்திரையால் வீசிங் வந்தவர்கள் ஆகிய எல்லோரும் ஐபுப்ரோஃபெனைக் கேட்காமல் தொடக் கூடாது. மழைக்காலத்தில் பல்வலியோடு காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும்.

ஆன்டிபயாட்டிக் எழுதலையே, எழுதாம எப்படிச் சரியாகும்?

ட்ரை சாக்கெட் என்பது கட்டி இழந்த எலும்பின் அழற்சி. பரவும் தொற்று அல்ல. அமாக்ஸிசிலினோ மெட்ரோனிடசோலோ திறந்த எலும்பை மூடாது. காய்ச்சல், சீழ், பரவும் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல் இருந்தால் கதை வேறு. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் மருத்துவர் தனியாக முடிவெடுப்பார்.

வருமுன் காக்கப் போடலாமே என்றால்: 2021-ல் வந்த காக்ரேன் (பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பின்படி, பல் எடுத்தபின் ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க ஆரோக்கியமான 19 பேர் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டியிருக்கும். மற்ற 18 பேருக்குப் பயனில்லை; வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை, மருந்துக்கு அடங்காத கிருமி ஆகியவற்றின் அபாயம்தான் மிச்சம்.

கிராம்பு எண்ணெய், உப்புத் தண்ணி, வெத்தலையில சுண்ணாம்பு… இதுல எது ஓகே?

உப்புத் தண்ணீர் மட்டும். 200 மி.லி. வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. பல் எடுத்து 24 மணி நேரம் கழிந்த பிறகு, சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொரு முறையும். "கொப்பளி" என்று எழுதித் தந்தால் சிலர் தொண்டை வரை உருட்டி வேகமாகத் துப்புகிறார்கள். வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து, தானாக வழிய விட வேண்டும்.

கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால்தான் கிளினிக் கட்டிலும் இருக்கிறது. ஆனால் அங்கே துத்தநாக ஆக்சைடு அதைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. நேராகச் சொட்டினால் ஈறும் உதடும் வெந்துவிடும், எலும்புக்கும் நல்லதல்ல. சுண்ணாம்பு சதையை அரிக்கும் காரம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கினால் வெள்ளையாகத் தோல் உரியும். புகையிலை அடக்குவதும், பிராந்தியால் கொப்பளிப்பதும் வேண்டவே வேண்டாம்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் வாங்கினா இது வராம தடுக்குமா?

ஓரளவு தடுக்கும். இந்தத் துறையில் கொஞ்சமாவது உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். 2022-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பு 49 ஆய்வுகளை, 6771 பேரை, எடுத்துக்கொண்டது. பல் எடுக்கும் முன்பும் 24 மணி கழித்தும் குளோர்ஹெக்சிடினால் வாய் கொப்பளித்தாலோ, பல் எடுத்த குழியில் அதன் ஜெல்லை வைத்தாலோ ட்ரை சாக்கெட் குறைகிறது என்று கண்டது. வாயில் பழுப்புக் கறை, நாக்குச் சுவை மாறுதல் போன்றவை தற்காலிகம்.

ஒரு எச்சரிக்கை உண்டு. பிரிட்டனில் ட்ரை சாக்கெட் குழியைக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷால் கழுவியபோது கடுமையான ஒவ்வாமை வந்து இருவர் இறந்தது 2012-ல் அங்குள்ள பல் மருத்துவ இதழில் வெளிவந்தது. இது அரிது. ஆனாலும் திறந்த குழியைக் கழுவச் சலைனே போதும் என்றிருக்கும்போது அந்த அபாயம் எதற்கு? முன்பு அந்த மவுத்வாஷாலோ, ஆஸ்பத்திரியில் தோல் துடைக்கும் திரவத்தாலோ தடிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"பாதிக்கு மேல குறைக்குது"ன்னா எல்லாரும் வாங்கிடலாமே?

உங்களுக்கு வரும் வாய்ப்பு முதலில் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அதே தொகுப்பின் கணக்கு: 100-க்கு 30 பேருக்கு வரக்கூடிய ஞானப்பல் அறுவையில் 7 பேர் கொப்பளித்தால் ஒருவருக்குத் தடுக்கலாம். 100-க்கு 5 என்றால் 33 பேர். 100-க்கு 1 என்றால் 162 பேர். மருந்தின் வலு மூன்றிலும் ஒன்றே. ஆடிக்கொண்டிருந்த மேல் பல்லை எடுத்தவர் மெனக்கெடத் தேவையில்லை, புதைந்த கீழ் ஞானப்பல் எடுத்தவர் செய்யலாம்.

விளம்பரம் எப்போதும் "60 சதவீதம் குறைப்பு" என்று சொல்லும், "162-ல் ஒருவர்" என்று சொல்லாது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

பி.ஆர்.எஃப், லேசர், தேன், ஓசோன்… எல்லாத்துக்குமே "ஆய்வில் வெற்றி"ன்னு போடுறாங்க. எதை நம்புறது?

ட்ரை சாக்கெட் எதுவும் செய்யாமல் விட்டாலும் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாக அடங்கும். மூன்றாம் நாள் உச்ச வலியில் வருபவருக்குத் தேனைத் தடவி ஏழாம் நாள் கேட்டால் "நல்லா இருக்கு" என்பார். தண்ணீரைத் தடவியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு, ஏழாம் நாளை மட்டும் அளந்த ஆய்வு, இரண்டும் எதையும் நிரூபிப்பதில்லை. கேட்க வேண்டியது முதல் 24, 48 மணியில் வலி எவ்வளவு இறங்கியது, எத்தனை மாத்திரை மிச்சமானது என்பதைத்தான்.

மேற்சொன்ன 49 ஆய்வுகளில் 39 தடுப்பைப் பற்றியவை. வந்த பிறகு செய்யும் சிகிச்சையைப் பற்றியவை வெறும் 10, மொத்தம் 552 பேர். எந்தச் சிகிச்சை சிறந்தது என்று சொல்ல அது போதவில்லை என்றே தொகுத்தவர்கள் முடித்தார்கள். 49-ல் சார்பு அபாயம் (முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் வாய்ப்பு) குறைவு என்று அவர்கள் மதிப்பிட்டவை 3. பி.ஆர்.எஃப் என்பது உங்கள் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்த நார்க்கட்டி. அதில் விஷயம் இருக்கலாம், ஆனால் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டால், சலைனும் யூஜினால் கட்டும் போதாதா என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒரு ஆய்வுக் கட்டுரையை என்னை மாதிரி ஆள் எப்படி எடை போடறது?

முதலில் ட்ரை சாக்கெட் என்று எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். "வலி இருந்தால்" என்று எண்ணியவருக்கும், முதல் பதிலில் உள்ள வரையறைப்படி எண்ணியவருக்கும் எண்ணிக்கை பல மடங்கு வித்தியாசப்படும். அடுத்து, அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? யூஜினால் ஆய்வில் நோயாளி வாயைத் திறந்ததுமே கிராம்பு வாசனை அடிக்கும். "இரு தரப்பும் அறியா ஆய்வு" என்று தலைப்பில் போட்டு, அந்த வாசனையை எப்படி மறைத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையென்றால் அந்தத் தலைப்பை நம்ப வேண்டாம். 40 பேரிடம் 80 பல் எடுத்துவிட்டு "80 பேர்" என்பது போலக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

எண்ணிக்கை போதுமா என்பது அடுத்தது. 100-க்கு 20 பேருக்கு வருவதை 10 ஆகக் குறைக்கிறது என்று நம்பகமாகக் காட்ட ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 200 பேர் வேண்டும், 5-ஐ 2.5 ஆக்குவதைக் காட்ட 900 பேர். குழுவுக்கு 30 பேரை வைத்து ஒரு குழுவில் 6 பேர், இன்னொன்றில் 3 பேர் என்று வந்தால் அது தற்செயலாகவே அடிக்கடி வரும்.

சராசரியையும் சோதிக்கலாம், கால்குலேட்டர் போதும். வலியை 0 முதல் 10 வரை முழு எண்ணில் 20 பேரிடம் கேட்டால், கூட்டுத்தொகை முழு எண். 20-ஆல் வகுத்தால் சராசரி 3.40, 3.45, 3.50 என்றுதான் வரும். கட்டுரையில் 3.47 என்று இருந்தால் அப்படி ஒரு சராசரி வரவே முடியாது. தட்டச்சுப் பிழையாகவோ, ஒருவர் பாதியில் விலகியதைச் சொல்லாததாகவோ இருக்கலாம். அட்டவணை முழுக்க அப்படியே என்றால் பிழை என்று விட முடியாது. பிரவுன், ஹீத்தர்ஸ் என்ற இருவர் 2010-களின் நடுவில் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள்.

பதிவு எண்ணுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எதுக்கு?

ஆய்வைத் தொடங்கும் முன்பே, என்ன அளக்கப்போகிறேன் என்பதைப் பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்க; அங்கே தரும் எண்தான் அது. எழுதி வைக்காவிட்டால் வலி, வீக்கம், வாய் திறப்பு, மாத்திரை எண்ணிக்கை என்று பத்தை அளந்து, எது சாதகமாக வந்ததோ அதையே "எங்கள் முதன்மை அளவு" என்று கடைசியில் சொல்லலாம். யாரும் பொய் எண் எழுதவில்லை, ஆனாலும் முடிவு பொய்.

இந்தியாவில் இதற்கான சிடிஆர்ஐ பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது; யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். 2018 ஏப்ரல் 1-லிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிந்தால்தான் ஏற்கிறார்கள். பதிவில் இருக்கும் முதன்மை அளவும் கட்டுரையில் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிடப் பத்து நிமிடம் போதும். பல்வலி மாத்திரையை விற்பவர்கள் அந்தப் பத்து நிமிடத்தை நீங்கள் செலவழிக்க மாட்டீர்கள் என்றே கணக்குப் போடுகிறார்கள்.

நிஜமாவே இல்லாத நோயாளிகளை வச்சு ஆய்வு எழுதுவாங்களா?

எழுதியிருக்கிறார்கள், அதுவும் நம் துறைக்கு மிக அருகில். நார்வேயின் யோன் சுட்போ பல் மருத்துவரும் மருத்துவரும் ஆவார். 2005 அக்டோபரில் அவர் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்: ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் குறைவு என்று. அதில் இருந்த 908 பேரும் கற்பனை. அவர்களில் 250 பேருக்கு ஒரே பிறந்தநாள். எந்தத் தரவுத்தொகுப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்னாரோ, அது அப்போது ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படவே இல்லை என்பதை நார்வேயின் பொதுச் சுகாதார நிறுவனத்தில் இருந்தவர் கவனித்தபோது குட்டு உடைந்தது. 2006-ல் விசாரணைக் குழு அவரது முனைவர் பட்ட ஆய்வு உட்படப் பலவற்றைத் தள்ளுபடி செய்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் மயக்க மருத்துவர் ஸ்காட் ரூபன், அறுவைக்குப் பிந்தைய வலிக்குச் செலெகாக்சிப், ரோஃபெகாக்சிப் வகை மாத்திரைகளைப் பரிந்துரைத்து எழுதியவற்றில் 21 கட்டுரைகள் புனைவு என்று 2009-ல் வெளியானது. அவர் வேலை செய்த மருத்துவமனையின் வழக்கமான தணிக்கையில் இரண்டு ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியே இல்லை என்று தெரிந்ததிலிருந்து நூல் பிடித்தார்கள். 2010-ல் ஆறு மாதச் சிறைத் தண்டனை. அதற்குள் பல ஆண்டுகள் உலகம் முழுக்க மருத்துவர்கள் அந்தக் கட்டுரைகளைப் படித்து மருந்து எழுதியிருந்தார்கள்.

பெரிய ஜர்னல்ல நிபுணர்கள் பார்த்துத்தானே போடுறாங்க? எப்படித் தப்பிக்குது?

நிபுணர்கள் பார்ப்பது கட்டுரையை. நோயாளிகளின் ஏடுகளை அல்ல. பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் ஜான் கார்லைல், தான் ஆசிரியராக இருந்த இதழுக்கு 2017 முதல் 2020 வரை வந்த 526 ஆய்வுகளைச் சோதித்தார். ஒவ்வொரு நோயாளியின் எண்ணையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க முடிந்தது 153-ல்; அவற்றில் 44 சதவீதத்தில் பொய்த் தரவு இருப்பதாகக் கண்டார். சுருக்க அட்டவணை மட்டும் தந்த மற்றவற்றில் 2 சதவீதத்தில்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. சந்தேகத்துக்குரியவர்களிடம் அதிகமாகக் கேட்டிருப்பார் என்பதைக் கழித்துக்கொண்டாலும், அட்டவணையை மட்டும் பார்த்தால் கண்ணுக்கு எதுவும் படாது என்பது தெரிகிறது. ஒரே மாதிரி எண்வரிசை நோயாளிக்கு நோயாளி திரும்பத் திரும்ப வருவது மூலத்தரவில்தான் தெரியும்.

ஞானப்பல் எடுத்தவங்க மேலதான் வலி மாத்திரையெல்லாம் சோதிக்கிறாங்களாமே?

ஆமாம், நல்ல காரணம் உண்டு. ஆரோக்கியமான இளைஞர்கள், ஒரே மாதிரி அறுவை, சில மணி நேரத்தில் கணிக்கக்கூடிய கடும் வலி. ஒரு வேளை மாத்திரை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நேரம் கேட்கிறது என்று அளக்க இதைவிட வசதியான வலி இல்லை. ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் நல்லது என்று மேலே சொன்னதன் பின்னால் இத்தகைய ஆய்வுகள் இருக்கின்றன.

ஒரே ஒரு வேளை மாத்திரையைச் சோதிக்கும் ஆய்வு சொல்லாததும் உண்டு. ரோஃபெகாக்சிப் 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல்வலி ஆய்வுகளில் நன்றாகவே வேலை செய்தது. மாதக்கணக்கில் எடுத்தபோது மாரடைப்பு கூடியது. அந்த மருந்தைச் சோதித்து 2000-ல் வெளியான விகோர் என்ற ஆய்வில் மூன்று மாரடைப்புகள் சேர்க்கப்படாமல் போனதை, அதை வெளியிட்ட நியூ இங்கிலாந்து ஜர்னலே 2005 டிசம்பரில் கவலையுடன் அறிவித்தது. மருந்தோ 2004 செப்டம்பர் 30 அன்றே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. இந்தியாவும் 2004 டிசம்பரில் தடை செய்தது.

நான் எம்.டி.எஸ். படிக்கிறேன். என் ஆய்வுல ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே வரலை. கைடு "கொஞ்சம் பாரு"ங்கிறார். என்ன செய்ய?

வித்தியாசம் வரவில்லை என்பதும் முடிவுதான், அப்படியே எழுதுங்கள். நீங்கள் ஒளித்து வைத்தால், உங்களைப் போல் ஒளித்த ஐந்து பேரும் கணக்கில் வராமல், தற்செயலாக வித்தியாசம் வந்த ஆறாமவர் கட்டுரை மட்டும் தொகுப்புகளில் ஏறும். பாதியில் விலகியவர்களைக் காரணத்தோடு காட்டுங்கள். மூல ஏடுகளைத் தேதியோடு வையுங்கள், பென்சிலில் எழுதாதீர்கள், எக்செல்லில் திருத்தினால் பழைய கோப்பை அழிக்காதீர்கள். "கொஞ்சம் பாரு" என்பதன் பொருள் திரும்பக் கூட்டிப் பார் என்றால் பாருங்கள். எண்ணை நகர்த்து என்றால், பதிவேட்டில் இருக்கும் திட்டத்தை எடுத்துக் காட்டுவதே சண்டையில்லாத மறுப்பு.

அழுத்தம் நிஜம் என்பதை மறுக்கவில்லை. சென்னையில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் எழுதிக் குவித்த கட்டுரைகளும், தங்கள் கட்டுரைகளையே மேற்கோள் காட்டிக்கொண்ட வழக்கமும் தரவரிசைக்கு எப்படி உதவின என்று 2023-ல் சயன்ஸ் இதழில் செய்தி வந்தது.

மூணு வாரம் ஆச்சு, இன்னும் வலி போகலை. இதுவும் ட்ரை சாக்கெட்தானா?

இல்லை என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். தங்கிய வேர்த்துண்டு, எலும்புச் சில்லு, மறந்த காஸ், எலும்பின் உள்தொற்று ஆகியவை முதலில். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஜொலெட்ரோனிக் அமிலம், அலெண்ட்ரோனேட், டெனோசுமாப் எடுத்தவர்களுக்கும், தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் குழி மூடாமல் எலும்பு செத்துப்போகும் நிலை வரலாம். எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு திறந்திருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். வெற்றிலை, புகையிலை போடுபவர்களுக்குக் குழியிலிருந்து சதை மேலே வளர்ந்தால் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்கத் தாமதிக்கக் கூடாது. கீழ் உதடு மரத்தே இருந்தாலும் சொல்லுங்கள்.

விழுங்க முடியாமை, நாக்கின் அடி வீங்கி மேலெழுவது, மூச்சு முட்டல், வாய் ஒரு விரல்கூடத் திறக்காமை, கண்ணைச் சுற்றி வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கக் காத்திருக்க வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

அடுத்த பக்க ஞானப்பல்லும் எடுக்கணும். காலேஜ் ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வுல சேரச் சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?

போடலாம், ஆனால் தமிழில் எழுதிய தகவல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இல்லை, பிறகு வாங்குவோம் என்றால் சேராதீர்கள். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் தாளில் இருக்க வேண்டும். மருந்தில்லாத குழுவில் விழுந்தால் வலி தாங்காதபோது வேறு மாத்திரை தருவார்களா, எத்தனை மணிக்குள் தருவார்கள் என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை தொடரும். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யார் பொறுப்பு என்பதும் அந்தத் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு வலி எண்ணை உள்ளபடி சொல்லுங்கள். டாக்டர் மனம் கோணக் கூடாது என்று 7-ஐ 4 ஆக்கிச் சொல்பவர்கள் நிறைய. வீட்டில் ரகசியமாகக் கூடுதல் மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் இரவு வலி ஏறினால் ஆய்வின் தேதிவரை பொறுத்திருக்காதீர்கள். தாளில் உள்ள எண்ணுக்கு அப்போதே போன் செய்யுங்கள்.